சமதரை

வால்பரைசோவில் எங்கள் வீட்டுக்கு
நூற்று அறுபத்தோரு படிகள்.
கேட்டதும் மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.
வீட்டை மாற்றிவிடுங்கள், எலியானா, என்றார்.
சாந்தியாகோக்காரர். சமதரையில் பிறந்தவர்.
அவருக்கு எப்படிச் சொல்வது,
நொல்பெர்த்தோ படி ஏறிவிடுவான் என்று.
ஒவ்வொரு படியும்
இங்கே வை என்று விளிம்பைக் காட்டுகிறது,
கால் கேட்டுக்கொள்கிறது.
எண்ணிக்கொண்டே வருவான், சத்தமாக.
துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம்
சரக்குப் பெட்டிகளை எண்ணிய வாய்.

சமதரைதான் பகை.
மருந்துக்கடை வாசலில்,
குளியலறை நிலைப்படியருகே,
திரும்ப வேண்டிய எந்த மூலையிலும்
பாதம் நின்றுவிடும்.
உடம்பு மட்டும் முன்னே போகப் பார்க்கும்.
"பசை" என்பான். அவ்வளவுதான் விளக்கம்.
பின்னால் நிற்பவர்கள் குடிகாரன் என்று
முடிவுகட்டிவிடுவார்கள்.
ஒருத்தி அவன் கையில் ஐந்நூறு பேசோவைத் திணித்துவிட்டுப் போனாள்.
ரொட்டி வாங்கித் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

மாத்திரை மூன்று மணிநேரம் எங்களுடையது.
நாலாவது மணி யாருடையதும் இல்லை.

போன குளிர்காலத்தில் மஞ்சள் நாடா வாங்கிவந்தேன்.
கட்டிலிலிருந்து குளியலறை வரை
முழத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டினேன்,
பதினான்கு கோடுகள்.
தாண்டினான்!
கொக்கு மாதிரி முழங்காலைத் தூக்கித் தாண்டினான்.
இனி நம் வீட்டில் விமானம் இறங்கலாம் என்றான்.
அன்று நிறையச் சிரித்தோம்,
சிரிப்பு அவன் முகத்துக்கு வராவிட்டாலும்
தோளில் வந்தது.

பிறகு ஒரு நாள் கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கம் சரிந்து கிடந்தன,
புயலில் அவிழ்ந்த சரக்கு.
முள் எங்கே என்று கேட்டதற்கு
"சாப்பிடப் போயிருக்கிறார்கள்" என்றான்.

அடுக்களையில் நாய் என்கிறான்.
இந்த ஊரில் தெருவுக்குப் பத்து நாய்.
எது அவனுடையது, எது ஊருடையது என்று
நானே எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.
பெயர் என்ன என்று கேட்டேன்.
வந்த நாய்க்கெல்லாமா பெயர் வைப்பது என்று
என்னைத்தான் கடிந்துகொண்டான்.

ஜூலையில் ஓர் இரவு, மணி மூன்று.
முதல் மஞ்சள் கோட்டின் முன்னால் நிற்கிறான்.
காற்சட்டை நனைந்திருக்கிறது.
பசையா, என்றேன்.
இல்லை.
"தூக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.
கோட்டுக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது.
எவாரிஸ்தோ போனானே."
எவாரிஸ்தோவை எனக்குத் தெரியும்.
அவன் மனைவிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தோம்.
துறைமுகத்திலும் மஞ்சள்தான்,
கடையில் வாங்கும்போது எனக்கு ஏன் தோன்றவில்லை?
தலைக்குமேல் எதுவும் தொங்கவில்லை என்று
காட்டினேன். விளக்கைப் போட்டேன்.
அவன் என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான்,
இப்போதெல்லாம் அவனிடம் இல்லாத பலத்தோடு.
என்னைக் காப்பாற்றினான்.

விடிவதற்குள் அத்தனையையும்
அடுக்களைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன்.
நாடா வந்துவிட்டது.
பசை தரையிலேயே தங்கிவிட்டது,
பதினான்கு அழுக்குக் கோடுகள்,
என் செருப்பு ஒவ்வொன்றிலும் ஒட்டி ஒட்டி வருகிறது.

இப்போது இப்படிச் செய்கிறோம்:
அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு
நான் பின்னோக்கி நடக்கிறேன்.
அவன் நிற்கும் இடத்தில்
என் காலைக் குறுக்கே வைக்கிறேன்.
தாண்டுகிறான். மறுபடி வைக்கிறேன்.
சில நாள் மிதித்தும் விடுகிறான்,
கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது.

நேற்று பாதி வழியில் குனிந்து பார்த்தான்.
"இது யாருடைய கால்?"
என்னுடையது.
நெடுநேரம் யோசித்தான்.
"நூற்று அறுபத்திரண்டு" என்றான்,
தாண்டினான்.

கதவைச் சாத்தாதே, நாய் பின்னால் வருகிறது, என்றான்.
திறந்தே வைத்தேன்.